வலையில் விழுந்த லவங்கப்பட்டை: இடைக்காலப் பிரெஞ்சு இலக்கியம் கண்ட கிழக்கு

நைல் ஆறு எகிப்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், மாலை வேளையில் ஊர்க்காரர்கள் ஆற்றில் வலை விரித்துவிட்டுப் போகிறார்கள். விடிந்ததும் வந்து வலையை இழுத்தால், இஞ்சி, ரேவல்சின்னி, அகில் கட்டை, லவங்கப்பட்டை என்று எடை போட்டு விற்கும் சரக்குகள் கிடைக்கின்றன. எல்லாம் பூலோகச் சொர்க்கத்திலிருந்து வருபவை. நம் காட்டில் காற்றடித்தால் பட்டுப்போன கிளைகள் முறிந்து விழுவதுபோல, அந்தச் சொர்க்கத்து மரங்களிலிருந்து முறிந்து ஆற்றோடு வந்தவற்றைத்தான் வணிகர்கள் நமக்கு விற்கிறார்கள்.

இப்படி எழுதிவைத்தவர் ழான் தெ ழுவான்வில் என்ற பிரெஞ்சுப் பிரபு. வீட்டில் உட்கார்ந்தபடி கதை கட்டியவர் அல்லர். 1248-இல் அரசர் ஒன்பதாம் லூயி நடத்திய சிலுவைப் போருக்குக் கப்பல் ஏறியவர், எகிப்தில் போரிட்டவர், 1250-இல் அங்கே சிறைப்பட்டவர். நைல் தண்ணீரைக் குடித்தவர். 1309-இல் முடித்த தம் நூலில், அதே இடத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். ஆற்று நீர் கலங்கலாக இருக்கும். மாலையில் மொண்டு வந்து, நான்கு வாதுமைப் பருப்பையோ நான்கு மொச்சையையோ நசுக்கிப் போட்டால் மறுநாள் குடிக்க அருமையாக இருக்கும். அதை வெள்ளை மண்ணால் செய்த பானையில் ஊற்றிக் கூடாரக் கயிற்றில் தொங்கவிட்டால், உச்சி வெயிலிலும் ஊற்று நீர்போலக் குளிர்ந்திருக்கும். தேற்றாங்கொட்டை உரைத்து நீரைத் தெளியவைத்த வீட்டில் வளர்ந்தவர்கள், இது கண்ணால் பார்த்து எழுதியது என்று உடனே கண்டுகொள்வார்கள்.

வாதுமைப் பருப்பும் சொர்க்கத்து மரமும் ஒரே மனிதரின் எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் எப்படி நிற்கின்றன? இடைக்காலப் பிரெஞ்சு இலக்கியம் கிழக்கைக் கற்பனை செய்த விதத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியைத் தவிர நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

நான் பேசும் காலம் ஏறத்தாழ 1100 முதல் 1400 வரை. அன்று பிரெஞ்சு மொழி பிரான்சின் எல்லைக்குள் அடங்கியிருக்கவில்லை. இங்கிலாந்து அரண்மனையின் மொழி அதுதான். சிலுவைப் போர்க்காரர்கள் ஆண்ட ஆக்கர் நகரத்திலும் பேசினார்கள்; இத்தாலியர் சிலரும் அதில் நூல் எழுதினார்கள். ஆகவே ‘பிரெஞ்சு இலக்கியம்’ என்பதை அந்த மொழியில் எழுதப்பட்டவை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ‘கிழக்கு’. அந்தக் காலத்து ஐரோப்பிய உலகப் படங்களில் வடக்கு மேலே இல்லை, கிழக்குதான் மேலே. வட்டமான உலகத்தின் உச்சியில் ஏதேன் தோட்டம், பல படங்களில் நடுவில் எருசலேம். விவிலியத்தின் தொடக்க நூல் ஏதேனிலிருந்து நான்கு ஆறுகள் பிரிவதாகச் சொல்கிறது. அவற்றில் இரண்டு டைகிரிசும் யூப்ரட்டீசும். மற்ற இரண்டில் கீகோன் என்பதை நைல் என்றும், பைசோன் என்பதைக் கங்கை என்றும் அறிஞர்கள் விளக்கிவந்தார்கள். இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ழுவான்வில்லின் வலைக்குத் திரும்பிப் பாருங்கள். நைல் சொர்க்கத்திலிருந்து வருகிறது. வாசனைச் சரக்கு கிழக்கிலிருந்து வருகிறது. அப்படியானால் சரக்கு ஆற்றில் மிதந்து வருவதில் வியப்பு என்ன? அவர் கணக்குச் சரியாகவே இருக்கிறது. அடிப்படைப் படம்தான் வேறு.

ஆனால் இலக்கியத்தில் கிழக்கு என்பது வெறும் திசையும் அல்ல. பிரெஞ்சின் முதல் பெருங்காவியமான ‘ரோலானின் பாடல்’ ஸ்பெயினில் நடக்கிறது. பாரிசிலிருந்து பார்த்தால் அது தென்மேற்கு. இருந்தாலும் அங்கே ஆள்பவர்கள் முஸ்லிம்கள் என்பதால், அந்த நிலம் பாபிலோனோடும் பாரசீகத்தோடும் ஒரே உலகமாகப் பாடப்படுகிறது. அந்தப் பாபிலோனும் நாம் நினைக்கும் மெசபடோமிய நகரம் அல்ல. கெய்ரோவின் பழைய கோட்டைக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததால், எகிப்தின் தலைநகரத்தையே பிரெஞ்சுக் கவிஞர்கள் பாபிலோன் என்றார்கள்.

இந்தப் பாடலின் அருகில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். வரலாற்றில் நடந்தது இவ்வளவுதான்: 778-இல் பிராங்க் அரசர் சார்லமேன் ஸ்பெயினிலிருந்து திரும்பும்போது, பிரனீஸ் மலைக் கணவாயில் அவருடைய பின்படையை பாஸ்க் மக்கள் தாக்கி அழித்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1100-ஐ ஒட்டிய காலத்தில் அந்த நிகழ்ச்சி 4002 அடிகள் கொண்ட பாடலாக வந்தபோது, பாஸ்க் மக்கள் காணாமல் போய், 4,00,000 சாரசேனியர் வந்து நின்றார்கள். ‘சாரசேனியர்’ என்பது அன்றைய ஐரோப்பா முஸ்லிம்களுக்கு வைத்த பெயர். இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் காரணம் விளங்கும். 1095-இல் திருத்தந்தை சிலுவைப் போருக்கு அழைத்தார். 1099-இல் எருசலேம் சிலுவைப் படையிடம் வீழ்ந்தது.

பாடலில் சாரசேனியர் முகமது, அப்போலின், தெர்வகான் என்ற மூன்று தெய்வங்களின் சிலைகளை வணங்குகிறார்கள். போரில் தோற்றதும் ஆத்திரத்தில் அந்தச் சிலைகளை அடித்து நொறுக்கி, முகமதின் சிலையைப் பள்ளத்தில் தள்ளுகிறார்கள். பன்றியும் நாயும் அதை மிதிக்கின்றன. சிலை வணக்கத்தை இஸ்லாத்தைப்போல் உறுதியாக விலக்கிய மதம் அரிது. அந்த மதத்தைப் பற்றியே இப்படி ஒரு படம். கிறிஸ்தவத்தில் மூவொரு கடவுள் உண்டென்றால், எதிரிக்கும் மூன்று இருக்க வேண்டும். தங்களுடையது மெய்யென்றால், அவர்களுடையது பொய்யாக இருக்க வேண்டும். தம் உருவத்தையே தலைகீழாகப் பிடித்து ‘கிழக்கு’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். பின்படையின் தலைவனும் பாடலின் நாயகனுமான ரோலானோடு 12 தலைமை வீரர்கள் என்றால் எதிர்ப்பக்கமும் 12 வீரர்கள். சார்லமேனின் வாளுக்குப் பெயர் உண்டு. அதைக் கேள்விப்பட்டு எதிரித் தலைவன் பாலிகானும் தன் வாளுக்குப் பெயர் வைக்கிறான். அவனுக்கும் வெண்தாடி. அவனைப் பார்த்துக் கவிஞரே பெருமூச்சு விடுகிறார்: கடவுளே, இவன் மட்டும் கிறிஸ்தவனாக இருந்திருந்தால் எப்பேர்ப்பட்ட பெருவீரன்!

அந்தப் பெருமூச்சு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. எத்தியோப்பிய வீரர்கள் களத்தில் இறங்கும்போது, மையைவிடக் கறுத்தவர்கள், பற்களைத் தவிர வெள்ளையே இல்லாதவர்கள் என்று ரோலானின் கண்வழியே வருணனை வருகிறது; அவர்களைச் சபிக்கப்பட்ட கூட்டம் என்கிறது பாடல். இந்த அடிகளை அழகியலாக மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. பாடல் உருவான காலத்தில் எருசலேமின் தெருக்களில் உயிருள்ள மனிதர்கள் வெட்டப்பட்டார்கள். ‘பேகன்கள் (பிற மதத்தார்) பக்கம் தவறு, கிறிஸ்தவர் பக்கம் நியாயம்’ என்று ரோலான் ஒரே அடியில் சொல்லும்போது, அந்த அடிக்குப் பின்னால் ஒரு படையே நிற்கிறது.

பாடலின் முடிவில் சரகோசா நகரத்தார் ஒரு லட்சம் பேருக்குமேல் ஞானஸ்நானம் பெறுகிறார்கள், மறுத்தால் சாவு. அரசி பிராமிமோந்துக்கு மட்டும் விலக்கு. அவள் அன்பினால் மனம் மாற வேண்டும் என்று சார்லமேன் விரும்பிச் சிறைப்பிடித்துப் பிரான்சுக்குக் கொண்டுபோகிறார். இங்கே தொடங்கும் உருவம் பிறகு எத்தனையோ கதைகளில் வருகிறது. ஓராஞ்சு நகரத்துச் சாரசேன அரசி ஒராப்ல், கியோம் என்ற பிரெஞ்சு வீரனைக் காதலித்து, நகரத்தை அவன் கையில் கொடுத்து, கிபூர் என்ற பெயரில் கிறிஸ்தவப் பெண்ணாகிறாள். இந்த அரசிகள் பெரும்பாலும் பால்நிற மேனியர். ஆண் எதிரி மையைவிடக் கறுப்பு, மனம் மாறப்போகும் அரசி வெள்ளை! நாட்டைப் பிடிப்பதற்கும் பெண்ணை மணப்பதற்கும் ஒரே கதை போதுமானதாக இருந்திருக்கிறது.

எதிரி என்ற முகம் மட்டும் இருந்திருந்தால் இந்த இலக்கியம் இவ்வளவு பேரை ஈர்த்திருக்காது. செல்வம் என்ற இன்னொரு முகமும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டின் ‘சார்லமேனின் பயணம்’ என்ற கவிதையில், சார்லமேன் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) போகிறார். கிறிஸ்தவ நகரமானாலும் அதுவும் கிழக்குதான். அங்கே அரசர் ஊகோன் தங்க ஏரால் நிலத்தை உழுதுகொண்டிருக்கிறார்; வேலை முடிந்ததும் ஏரை வயலிலேயே விட்டுவிட்டு வருகிறார். திருடர் பயமே இல்லை என்கிறார். அதைக் கேட்ட பிரெஞ்சு வீரன் கியோம், இது மட்டும் பிரான்சில் இருந்திருந்தால் சம்மட்டியால் உடைத்திருப்போம் என்கிறான். ஊகோனின் அரண்மனை, கடற்காற்று வீசினால் ஆலைச் சக்கரம்போலச் சுழல்கிறது. செம்பில் வார்த்த சிறுவர் உருவங்கள் தந்தக் கொம்பு ஊதி, உயிருள்ளவைபோல ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கின்றன. நிற்க முடியாமல் மாபெரும் சார்லமேன் பளிங்குத் தரையில் உட்கார்ந்துவிடுகிறார்.

சுழலும் அரண்மனை கற்பனை. ஆனால் 949-இல் அந்த நகருக்குத் தூது சென்ற லியுத்பிராண்ட், பேரரசரின் அவையில் பாடும் செம்புப் பறவைகளையும் கர்ச்சிக்கும் பொற்சிங்கங்களையும் மேலே உயரும் அரியணையையும் கண்டதாக எழுதியிருக்கிறார். கவிதை ஒரு செய்தியைப் பிடித்து ஊதிப் பெரிதாக்கியிருக்கிறது. சம்மட்டியும் வெறும் பேச்சாக முடியவில்லை. 1204-இல் சிலுவைப் படை அதே கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடியது. பழம்பெரும் வெண்கலச் சிலைகள் நாணயத்துக்காக உருக்கப்பட்டன. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து ஒரே நகரத்தில் இவ்வளவு கொள்ளை கிடைத்ததில்லை என்று படைத்தலைவர்களில் ஒருவரான வில்லார்துவான் பிரெஞ்சில் எழுதினார். கவிதையின் கியோமும் வரலாற்றின் படையும் ஒரே கண்ணால்தான் அந்த நகரத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கதைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த ‘ஃபுளுவாரும் பிளான்ஷ்ஃபுளோரும்’. ஃபுளுவார் ஸ்பெயினின் சாரசேன அரசனின் மகன். பிளான்ஷ்ஃபுளோர் சிறைப்பட்டு வந்த கிறிஸ்தவப் பெண்ணின் மகள். இருவரும் ஒன்றாகப் படித்து வளர்ந்து காதலிக்கிறார்கள். பொறுக்காத அரசன் அவளை வணிகர்களுக்கு விற்றுவிடுகிறான். பாபிலோனின் அமீர் அவளுடைய எடைக்கு ஏழு மடங்கு பொன் கொடுத்து வாங்கி, கன்னிமாடக் கோபுரத்தில் அடைக்கிறான். அந்த அமீர் ஆண்டுக்கு ஒரு மனைவியை மணந்து, ஆண்டு முடிவில் கொன்றுவிடும் வழக்கம் உள்ளவன். அவன் தோட்டத்தில் ஒரு மரம்; அதன் பூ யார்மேல் விழுகிறதோ அவளே அடுத்த மனைவி. தனக்குப் பிடித்தவள்மேல் விழும்படி மந்திரம் செய்துவிடுவான். ஃபுளுவார் காவலனோடு சதுரங்கம் ஆடி, அவனை வசப்படுத்தி, பூக்கூடைக்குள் ஒளிந்து கோபுரத்துக்குள் போகிறான்.

இதில் ஒரு பொற்கிண்ணம் வருகிறது. அதன்மேல் டிராய் இளவரசன் பாரிஸ் கிரேக்க அரசி ஹெலனைக் கவர்ந்து சென்ற கதை செதுக்கப்பட்டிருக்கிறது. டிராய் நகரிலிருந்து ரோமுக்குப் போய், சீசரின் கருவூலத்திலிருந்து திருடுபோய், வணிகர் கைக்கு வந்த கிண்ணம் அது. பிளான்ஷ்ஃபுளோருக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட விலையில் அதுவும் ஒன்று. அதையே ஃபுளுவார் கையில் எடுத்துக்கொண்டு கிழக்கே போய், கடைசியில் சதுரங்கப் பலகையருகே காவலனுக்குக் கொடுக்கிறான். பட்டும் மணியும் கிண்ணமும் கடல் கடந்து கைமாறிக்கொண்டே இருந்த உலகம் அந்த ஒரு பொருளில் தெரிகிறது. கதை முடிவில் ஃபுளுவார் கிறிஸ்தவனாகிறான். அவர்களுக்குப் பிறக்கும் மகள் பெர்த். அவளுடைய மகன் சார்லமேன் என்கிறது கதை! ரோலானின் பாடலில் சாரசேனியரை அடியோடு அழிக்கும் பேரரசனுக்கு, இந்தக் கதையில் தாத்தா ஒரு சாரசேன இளவரசன். ஒரே நூற்றாண்டு, ஒரே மொழி.

முஸ்லிம் சுல்தான் சலாவுதீனுக்கு நேர்ந்ததும் இதைப் போன்றதுதான். 1187-இல் எருசலேமைத் திரும்பக் கைப்பற்றிய அவரைப் பிரெஞ்சு இலக்கியம் மெல்ல மெல்லத் தன் வீரர்களில் ஒருவராக்கிக்கொண்டது. 13-ஆம் நூற்றாண்டின் ஒரு கவிதையில், அவரிடம் சிறைப்பட்ட யூக் என்ற பிரபு வீரப்பட்டச் சடங்கை அவருக்குக் கற்றுக்கொடுக்கிறான். நீராட்டு, படுக்கை, வெள்ளாடை, செவ்வாடை, குதிமுள், வாள் என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்கிறான். சடங்கின் கடைசியில் கொடுக்க வேண்டிய அடியை மட்டும் தர மறுக்கிறான். சிறைப்பட்டவன் தன்னைப் பிடித்தவன்மேல் கை ஓங்கக் கூடாது என்கிறான். தோற்கடித்தவனை மதிக்க வேண்டும். ஆனால் தம் அளவுகோலால்தான் மதிக்க முடிந்தது. வெறுப்பைவிட இது எவ்வளவோ மேல், இருந்தாலும் இதிலும் உண்மையான சலாவுதீன் இல்லை.

இனி இந்தியா. சிலுவைப் போர் நிலங்களுக்கும் அப்பால் உள்ளது என்பதால் கற்பனைக்கு அங்கே தடையே இல்லை. 1180-களில் அலெக்சாந்தர் தெ பாரி தொகுத்த அலெக்சாண்டர் காவியம் பன்னிரண்டு அசை கொண்ட அடிகளில் அமைந்தது. பிரெஞ்சுக் கவிதையின் புகழ்பெற்ற அந்த அடிக்கு ‘அலெக்சாந்திரேன்’ என்ற பெயரே இதிலிருந்து வந்தது. அதில் அலெக்சாண்டர் கண்ணாடிக் கூண்டில் கடலுக்கடியில் இறங்குகிறார். ஒரு காட்டில் பூமகளிரைக் காண்கிறார். குளிர்காலத்தில் மண்ணுக்குள் உறங்கி, கோடையில் பூவாக முளைத்துப் பெண்ணாக விரிபவர்கள். மரநிழலை விட்டு வெளியே வந்தால் இறந்துவிடுவார்கள்.

ஏறத்தாழ 1165-இல் இலத்தீனில் உலவத் தொடங்கிப் பிரெஞ்சுக்கும் வந்த ஒரு கடிதம், மூன்று இந்தியாக்களை ஆளும் ஜான் பாதிரியார் என்ற கிறிஸ்தவப் பேரரசர் எழுதியதாகச் சொன்னது. அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. 1144-இல் சிலுவைப் போர்க்காரர்கள் ஆண்ட எடெசா நகரம் முஸ்லிம்களிடம் வீழ்ந்தபின், தொலைவில் பெரும்படையோடு ஒரு துணைவர் இருக்க வேண்டும் என்ற ஏக்கம்தான் அவரைப் படைத்தது. அவர் நாட்டில் பொய்யர் இல்லை, திருடர் இல்லை. மிளகுக் காட்டில் பாம்புகள் காவல். மக்கள் தீ வைத்துப் பாம்பை விரட்டி மிளகைச் சேர்க்கிறார்கள். மிளகு வெண்ணிறமாக இருந்து அந்தத் தீயால்தான் கறுத்தது என்பது அதற்கும் ஐந்நூறு ஆண்டுகள் முந்திய ஸ்பெயின் அறிஞர் இசிதோர் எழுதிய விளக்கம். மிளகு வெயிலில் காய்ந்தால் கறுக்கும் என்று நம் மேற்குக் கரையில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். 1357-ஐ ஒட்டி மாண்டவில் என்ற பெயரில் பிரெஞ்சில் எழுதப்பட்ட பயண நூல் இதை ஒத்துக்கொள்ளவில்லை: தீ வைத்தால் மிளகே எரிந்துபோகுமே என்று கேட்கிறது. நூலின் பெரும்பகுதி பிறர் நூல்களிலிருந்து எடுத்தது. என்றாலும் அந்தக் கேள்வி எனக்கு ஒரு சன்னல் திறந்ததுபோல இருக்கிறது.

அந்தக் கடிதம் இன்னொன்றும் சொல்கிறது: இயேசுவின் சீடர் புனித தோமாவின் உடல் இருப்பது ஜான் பாதிரியாரின் நாட்டில். இந்த இடத்தில் கதை நம் மயிலாப்பூருக்கு வந்துவிடுகிறது.

1298-இல் ஜெனோவா சிறையில் மார்க்கோ போலோ சொல்லச் சொல்ல, பீசா நகரத்து ருஸ்திகெல்லோ இத்தாலிய வாடை வீசும் பிரெஞ்சில் எழுதினார். ருஸ்திகெல்லோ அதற்கு முன் ஆர்தர் அரசரின் கதைகளைப் பிரெஞ்சில் தொகுத்தவர். அதே நடையில், அதே முன்னுரை வாசகத்தோடு இந்த நூலும் தொடங்குகிறது. அதில் பாண்டிய நாட்டுக் கரை ‘மஆபர்’ என்ற பெயரில் வருகிறது. அங்கே அரசனும் எல்லாரையும்போல இடையில் மட்டும் துணி கட்டியிருக்கிறான். ஆனால் கழுத்தில் 104 முத்தும் மாணிக்கமும் கோத்த மாலை, நாள்தோறும் 104 முறை ஜபிப்பதற்காக. மக்கள் வலக்கையால்தான் உண்கிறார்கள். குடிக்கும்போது பாத்திரத்தை உதட்டில் வைக்காமல் உயரத் தூக்கி வாயில் ஊற்றிக்கொள்கிறார்கள். அண்ணாந்து குடிப்பதைப் பிரெஞ்சில் இவ்வளவு துல்லியமாகப் படித்தபோது, எங்கள் வீட்டுச் செம்பு என் கண்முன் வந்தது.

தோமாவின் சாவையும் அவர் கேட்டபடி சொல்கிறார். தோமா தம் குடிலுக்கு வெளியே, மயில்கள் சூழ, வேண்டிக்கொண்டிருந்தார். மயில் வேட்டைக்கு வந்த ஒருவன் அவரைக் காணாமல் மயிலுக்குக் குறிவைத்து எய்த அம்பு அவர் வலப்பக்கத்தில் பாய்ந்தது. மயில் ஆர்த்த ஊர் என்று பெயர்பெற்ற இடத்தில் இந்தக் கதை வழங்கியதில் வியப்பில்லை. அந்த மண்ணை எடுத்துப் போய் நீரில் கரைத்துக் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிறார்கள் என்றும், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் அங்கே வழிபட வருகிறார்கள் என்றும் நூல் சொல்கிறது. ரோலானின் பாடலில் சேர்ந்து நிற்கவே முடியாத இரு கூட்டம், இங்கே ஒரே கல்லறைக்கு வருகிறது.

கண்ணால் கண்டவர் எழுதிவிட்டால் கற்பனை ஓய்ந்துவிடுமா? 1410-ஐ ஒட்டிப் பாரிசில் பர்கண்டிப் பிரபுவுக்காகப் போலோவையும் மாண்டவிலையும் இன்னும் சில பயண நூல்களையும் சேர்த்து ஓர் ஏடு எழுதினார்கள்; 265 வண்ண ஓவியங்கள் கொண்டது. போலோ வடபுலத்து மக்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஓவியர் என்ன வரைந்திருக்கிறார் தெரியுமா? தலையில்லாமல் மார்பில் முகம் உள்ளவனையும், ஒற்றைப் பெரும்பாதத்தைக் குடையாகப் பிடிப்பவனையும். இரண்டும் போலோவின் எழுத்தில் இல்லை. பழைய இலத்தீன் நூல்களின் விந்தை மனிதர்கள். கிழக்கு என்றால் அவர்கள் இருந்தாக வேண்டும் என்று ஓவியர் கை பழகியிருந்தது. ழுவான்வில்லும் இதைத்தான் செய்தார். வாதுமைப் பருப்பு அவர் கண் கண்டது. சொர்க்கத்து மரம் அவர் கண்ணுக்கு முன்பே மனத்தில் இருந்தது.

ஆனால் தோமாவின் கல்லறை வரும் அதே அத்தியாயத்தில் போலோ சொல்லும் ஒரு செய்தியை எந்தப் பழைய நூலும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. இந்த நாட்டில் குழந்தை பிறந்தால் வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் தேய்க்கிறார்கள். அதனால் அது இன்னும் கறுப்பாகிறது. இங்கே மிகக் கறுத்தவருக்கே மிகுந்த மதிப்பு. தெய்வங்களைக் கறுப்பாகவும் பேய்களைப் பனிபோல வெள்ளையாகவும் தீட்டிவைத்திருக்கிறார்கள். கடவுளும் புனிதர்களும் கறுப்பு என்றும் பேய்கள்தான் வெள்ளை என்றும் சொல்கிறார்கள்.